தரையில் கூட்டிய புண்ணாக்கு

சீனுவுக்கு,

ஆசீர்வாதம் என்று எழுதித்தான் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்தத் தாளை எடுத்திருக்கிறேன். வீட்டில் உன் அம்மாவும் தங்கையும் நன்றாக இருக்கிறார்கள். எனக்குத்தான் திங்கட்கிழமையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உன் கார்டு அன்று காலைத் தபாலில் வந்தது. அம்மா காதில் விழட்டும் என்று வழக்கம்போல வாசலில் நின்றபடியே உரக்கப் படித்தேன். செய்யூர்க் கடையில் ஆடி வியாபாரம் சூடு பிடித்துவிட்டது, விதைக் கடலை தீர்ந்துவிட்டது, அமோனியா உரம் இன்னும் பத்து மூட்டை வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. கடைசி நாலு வரியைத்தான் உரக்கப் படிக்க முடியவில்லை. பக்கத்து ஊரில் ஒரே வாரத்தில் நாலு உழவு மாடு செத்துப்போனதாம். ஊர் திரண்டு உன் கடை வாசலுக்கு வந்ததாம். நீ கொஞ்சமும் பயப்படாமல், 'அப்பா அன்றைக்குச் சொன்னதையே நானும் சொன்னேன், கூட்டம் அப்படியே சேரிப் பக்கம் திரும்பிவிட்டது' என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, செத்த மாட்டை உரிக்கிற ஆளின் குடிசையைக் கொளுத்திவிட்டார்கள், அவன் சவுக்குத் தோப்புக்குள் ஓடிவிட்டான், வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துக்கு அவனைப் பிடித்து வந்துவிடுவார்கள் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, காலிச் சாக்கு அனுப்ப மறக்காதீர்கள் என்று இன்னொரு வரி.

உன் அம்மா, 'இன்னா ஆச்சு, ஏன் பாதியில நிறுத்திட்ட?' என்று கேட்டாள். மை கலைந்திருக்கிறது என்று பொய் சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல எப்போதும் தடங்கல் வந்ததில்லை. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான். நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் இரண்டு பேருக்கும் வாய் திறப்பதற்கு முன்னால் கை நீண்டுவிடும். நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, நான் உன்னை அறைய, நீ என்னைப் பிடித்துத் தள்ள, சொல்ல வந்தது அப்படியே தொண்டையில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை செய்யூர் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். கைக்குக் கிடைத்ததும் கடைப் பலகையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படி. விதை வாங்க வந்தவன் வெளியே நின்றால் நிற்கட்டும்.

அந்தக் கதை உனக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். மாடுகள் செத்த அந்த ஆடியில் நீ செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். பிறகு உன் அக்கா கல்யாணப் பந்தியில் உன் மாமா எழுந்து நின்று சொன்னார். படாளத்தில் மச்சான் கடை வாசலில் நாற்பது பேர் தடியோடு வந்து நின்றார்கள், என் மச்சான் தனியாளாக எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார், நாற்பது பேரும் திரும்பிப் போனார்கள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெற்ற பிள்ளை அப்படிப் பெருமையாகப் பார்த்தால் எந்தத் தகப்பன்தான் வாயைத் திறப்பான். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எனக்கு அடக்கம் என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்பே மழை வந்துவிட்டது. ஏரியில் தண்ணீர் ஏறியது, மானாவாரிக்காரனும் நஞ்சைக்காரனும் ஒரே சமயத்தில் ஏர் பூட்ட நின்றார்கள். வேனிலெல்லாம் வைக்கோலைத் தின்று எலும்பும் தோலுமாக நின்ற மாடுகளை உழவுக்கு முன்னால் தேற்றியாக வேண்டும். அதற்குக் கடலைப் புண்ணாக்கு வேண்டும். எங்கேயும் இல்லை. செக்குக்காரர்களிடம் இருந்ததையெல்லாம் மதராஸ் வியாபாரிகள் கப்பலுக்கு என்று அள்ளிப்போய்விட்டார்கள். என்னிடம் இருந்தது வயலுக்குப் போடுகிற ஆமணக்குப் புண்ணாக்குதான், கிடங்கு கொள்ளாமல். அதை மாடு தின்றால் குடல் வெந்து செத்துப்போகும் என்பது உனக்கும் தெரியும், தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இரண்டையும் வேறு வேறு மூலையில் அடுக்குவது, வேறு வேறு உலக்கையால் உடைப்பது. கிடங்குத் தரையில் கூட்டுகிற தூளை எருக்குழிக்கு மட்டும் அனுப்புவதும் அதனால்தான். எத்தனை கிராக்கி வந்தாலும் கூட்டின தூளை மாட்டுத் தொட்டிக்கு விற்பதில்லை.

விற்றேன். ஏரிக்கு அந்தப் பக்கம் இரண்டு கல் தூரத்திலிருக்கிற ஊரிலிருந்து தேவராஜு வந்தார். உனக்கு அவரைத் தெரியும், பெரிய பண்ணை, நம் கடையின் பழைய வாடிக்கை. தன் மாடுகளுக்கும் பங்காளிகள் இரண்டு பேர் மாடுகளுக்கும் எப்படியாவது புண்ணாக்கு வேண்டும் என்று மூன்று நாள் நடையாக நடந்தார். நாலாவது நாள் நான் கிடங்கின் கடலை மூலையைக் கூட்டினேன். உடைசலும் தூளுமாக நாலு மூட்டை தேறியது. நானே கூட்டினேன். ஆளை விட்டுக் கூட்டியிருந்தால் பழியை அவன் தலையில் போட்டிருப்பேன், அதற்கும் வழியில்லை. கடலை மூலை என்றுதான் பெயர். முந்தின மாசம் கூரை ஒழுகியபோது ஆமணக்கு மூட்டைகளை அங்கேதான் நகர்த்தி வைத்திருந்தோம். அது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்று இத்தனை வருஷமாக என்னிடமே சொல்லிக்கொண்டு வருகிறேன். வந்தது, சீனு. துடைப்பத்தைக் கையில் எடுத்தபோதே வந்தது. இவ்வளவு தூளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் ஆளனுப்பினார்கள். மாட்டுக்கு ஏதோ வந்திருக்கிறது, வந்து பார் என்று. போனேன். தேவராஜு வீட்டுக் கொட்டகையில் இரண்டு காளைகள் கால் மடங்கிக் கிடந்தன. பின்பக்கம் முழுக்க ரத்தமும் சளியுமாக ஒழுகிக்கொண்டிருந்தது. வயிற்றை இழுத்து இழுத்து முக்கின. மாடு கத்துவதைக் கேட்டிருப்பாய், மாடு அப்படி முனகுவதை நீ கேட்டிருக்க மாட்டாய், கேட்கவும் வேண்டாம். ஒரு காளை தலையைச் சுவரில் முட்டி முட்டிக் கொம்பின் அடியில் தோல் பிய்ந்து தொங்கியது. தேவராஜு தன் தலைப்பாகையை அவிழ்த்து அதன் வாய் நுரையைத் துடைத்துக்கொண்டு, வெக்கை நோயா என்று என்னைக் கேட்டார். வெக்கைதான் என்றேன். பங்காளி வீடுகளிலும் போய்ப் பார்த்தேன். மூன்று வீட்டில் ஆறு மாடு. அந்த வீடுகளுக்கு நடுவே இருந்த வேறொரு வீட்டு மாடுகள் அசை போட்டுக்கொண்டு நின்றன, அவர்கள் என்னிடம் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த தூளை எருக்குழியில் கொட்டி மண் போட்டு மூடினேன். கிடங்குத் தரையைச் சாணி போட்டு மெழுகினேன். உன் அம்மா, இன்னா இது ஆடி வெள்ளிக்கு என்றைக்கும் இல்லாத அக்கறை என்று கேலி செய்தாள்.

ராத்திரிக்குள் ஆறு மாடும் செத்துப்போயின, மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். நாற்பது பேர் என்பது உன் மாமா சொன்ன கணக்கு, எனக்கு நானூறு பேர் போலத்தான் தெரிந்தது. முன்னால் தேவராஜுவின் பங்காளி ஒருவன், கையில் வண்டியின் பக்கத்தில் சொருகுகிற முளைக்குச்சி. வந்த வேகத்தில் கடை முன்னால் தொங்கிய தராசை அடித்து வீழ்த்தினான். விதை நெல் மூட்டை இரண்டை அரிவாளால் கிழித்தார்கள். எவனோ ஒருவன் என் கழுத்துத் துண்டைப் பிடித்து முறுக்கினான், எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எடைக்கல் என் கையில் இருந்தது உண்மை. அதை நான் பிடித்திருந்தது தைரியத்தால் இல்லை, விட்டால் கீழே விழுந்துவிடுவேன் என்ற பயத்தால். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். 'மாடு செத்தா எனக்கு இன்னா லாபம்? யாருக்கு லாபம்னு யோசிச்சுப் பாருங்க.' அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமில்லை. செத்த மாட்டின் தோல் அதை உரிக்கிறவனுக்குச் சேரும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். துண்டை முறுக்கிய கை தளர்ந்தது. கதை உன் மாமாவுக்கு அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

எனக்கு முடியவில்லை. அவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஊர்ச் சேரியில் மாடு உரிக்கிற எல்லப்பன் தன் குடிசைக்குப் பின்னால் உட்கார்ந்து உரித்த தோலில் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேவராஜுவின் காளைத் தோல்தான், வெள்ளையில் செவலைப் புள்ளி போட்டது. அதைக் கண்டதும் கூட்டத்துக்கு வெறி ஏறிவிட்டது. முதல் அடி அவன் காதோடு விழுந்தது. காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் ஓடவில்லை, கை கூப்பவில்லை. குடிசைக்குள் கையை நீட்டி ஒரு பனையோலைக் குடலையை எடுத்தான். அதிலிருந்து பிசுபிசுவென்று ஒரு உருண்டையை எடுத்துத் தேவராஜுவிடம் நீட்டினான். மாட்டை அறுத்தபோது வயிற்றில் இருந்தது, இப்படி யாராவது வந்து கேட்பார்கள் என்று எடுத்து வைத்திருந்தான். 'இது உங்க மாட்டு வவுத்துல இருந்துச்சுங்க. மோந்து பாருங்க. இது கடல இல்லீங்க, முத்துக்கொட்டை புண்ணாக்கு' என்றான். தேவராஜு மோந்து பார்த்தார். பிறகு அதைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆமணக்கு ஓட்டின் துண்டுகள் கறுப்பாகப் பளபளத்தன. என் கிடங்கின் வாடை என் மூக்குக்குத் தெரியாதா. 'இது உன் சரக்கா, அண்ணாத்த?' என்று கேட்டார். என்னை நேருக்கு நேராகக் கேட்டார், சீனு. இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ படித்தே ஆக வேண்டும். எல்லப்பனைக் குப்புறத் தள்ளினார்கள். அவன் வீட்டு அம்மிக்கல்லையே இழுத்து வந்து அதன் மேல் அவன் வலது மணிக்கட்டை வைத்து, அந்த முளைக்குச்சியால் அடித்தார்கள். மூன்றாவது அடியில் எலும்பு உடைந்தது. பிறகு இடது கை. அவன் கத்திய கத்தலில் எனக்குக் கொட்டகையில் கேட்ட முனகல் ஞாபகம் வந்தது. அவன் மனைவி முனியம்மா மேலே விழுந்து மறித்தாள், அவளைத் தாடையில் உதைத்தார்கள், இரண்டு பல் மண்ணில் விழுந்தது. வாய் நிறைய ரத்தத்தோடு அவள் என்னைத்தான் பார்த்தாள். 'மொதலாளி, ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா வுட்டுருவாங்க.' கூட்டத்தில் சிலர் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஒருவன்தான் அங்கே கை கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. யாரோ ஒரு தடியை என் கையில் திணித்தார்கள். நான் அடித்தேன். ஒரே ஒரு அடி, தோளில். பலமாகத்தான் அடித்தேன், மெதுவாக அடித்தால் சந்தேகப்படுவார்கள் என்று. இதை நான் உன் அம்மாவிடம் சொன்னதில்லை. கோயிலில் நின்று மனசுக்குள் கூடச் சொன்னதில்லை. இப்போது முதல் தடவையாக எழுத்தில் பார்க்கிறேன்.

குடிசைக்கும், அதை ஒட்டியிருந்த இன்னும் நாலு குடிசைக்கும் தீ வைத்தார்கள். ஈரக் கூரை என்பதால் சட்டென்று பிடிக்கவில்லை, புகைந்து புகைந்து எரிந்தது. உப்புத் தேய்த்த தோலை அந்தத் தீயிலேயே தூக்கிப் போட்டார்கள். அந்த நாற்றம் படாளம் வரை வந்தது என்று சொன்னார்கள். எல்லப்பனும் முனியம்மாவும் அன்றைக்கே ஊரை விட்டுப் போனார்கள், எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரமே அதே ஆட்கள் நம் கடைக்கு விதை நெல் வாங்க வந்தார்கள். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளிக் கொடுத்தேன். தேவராஜு கடன் மாடு பூட்டி உழுதார். அறுவடை நன்றாக இருந்தது. நம் கடைக்கும் அது நல்ல வருஷம். உன்னைக் காலேஜில் சேர்த்தது அந்த வருஷத்து வியாபாரத்தில்தான்.

நாலு வருஷம் கழித்து எல்லப்பனைப் பார்த்தேன். தென்னந்தோப்புக்காரர்களுக்கு மீன் உரம் வேண்டும் என்று கல்பாக்கத்துக் குப்பத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். கடற்கரை மணலில் கழிவு மீனைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். காக்கை ஓட்ட ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார்கள். கிட்டே போனதும்தான் தெரிந்தது. இரண்டு மணிக்கட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பி ஒட்டியிருந்தன, விரல்கள் மூடவில்லை. மண்ணாங்கட்டியை முழங்கைகளுக்கு நடுவில் இடுக்கித்தான் காக்கை மேல் எறிந்தான். கொஞ்ச தூரத்தில் முனியம்மா கூடை சுமந்துகொண்டிருந்தாள், அவள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நடந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவன்தான் முதலில் பேசினான். 'தேவராஜு இப்ப யாராண்ட புண்ணாக்கு வாங்கினுகீறாரு, மொதலாளி?' என்று கேட்டான். என்னிடம்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி காக்கை ஓட்டப் போய்விட்டான். அவன் ஏன் அதைக் கேட்டான் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. நான் மீன் உரத்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது உன் விஷயம். உன் கடை ஒரே அறை. அது எனக்குத் தெரியும், போய்ப் பார்த்து முன்பணம் கொடுத்தவன் நான்தான். அந்த ஒரே அறையில் விதைக் கடலை, உரம், இரண்டு புண்ணாக்கு எல்லாம் இருக்கிறது. கடல் காற்றில் அமோனியா நீர் விட்டுப்போகும், பலகை மேல் அடுக்கு என்று எழுதினேன். விதையை ஈரச் சாக்கில் சுற்றி மூன்று நாள் வைத்து, முளை பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதினேன். கீழே விழுகிற தூளை வீணாக்காதே என்று எழுதியதும் நான்தான். எந்தத் தூளை, எங்கே போடுவது என்று எழுதவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகப் புண்ணாக்கு மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ். ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் கரை. கடலையின் தோல் சிவப்பாக இருக்கும். கறுப்பாகப் பளபளவென்று ஓட்டுத்துண்டு கண்ணில் பட்டால் வேறு எதையும் ஆராயாதே, மாட்டைக் கொன்றது உன் சரக்குதான். ஒரு வேளை உன் சரக்கில் ஒரு குற்றமும் இல்லாமல் போகலாம், அந்த மாடுகள் நோயில் செத்திருக்கலாம். அப்படி இருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். ஆனாலும் அந்த ஆளைக் கொல்லச் சொல்லிக் கையைக் காட்டியது நீதான். மாட்டுக்கு என்ன வந்தது என்று தெரியாமலே காட்டினாய். நான் தெரிந்து காட்டினேன். நம் இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

உன்னைப் பஞ்சாயத்தில் நின்று உண்மையைச் சொல்லச் சொல்கிறவன் முதலில் தான் சொல்லியிருக்க வேண்டாமா. நேற்றுக் காலை ஏரிக்கரை வழியாக நடந்தே தேவராஜுவின் ஊருக்குப் போனேன். இப்போதாவது என்னை அடிப்பார்கள் என்றுதான் போனேன். ஒரு வகையில் அதை எதிர்பார்த்துத்தான் போனேன் என்றும் வைத்துக்கொள். அவர் களத்தில் உட்கார்ந்து விதைக் கடலை உடைப்பவர்களை மேய்த்துக்கொண்டிருந்தார். முளைக்குச்சிக்காரப் பங்காளியும் அங்கேயே இருந்தான். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அந்த ஆறு மாட்டையும் கொன்றது என் கிடங்கில் நான் கூட்டி விற்ற தூள், எல்லப்பன் காட்டியது என் சரக்குதான், தெரிந்தே பொய் சொன்னேன் என்றேன். கடலை உடைத்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். தேவராஜு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் கொஞ்சமும் இல்லை. வெயிலில் நடந்து வந்த ஆளைப் பார்க்கிற பார்வை.

'அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும் அண்ணாத்த' என்றார். 'நானும் மோந்துதான பாத்தேன். உன்ன அடிச்சிருந்தா அந்த ஆடிக்கு வெதநெல்லு யாரு குடுத்திருப்பா, சொல்லு?'

அப்படியானால் எல்லப்பனை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். பங்காளிதான் பதில் சொன்னான். 'ஆறு மாடு போச்சே. யாரையும் அடிக்காம எப்டி வூட்டுக்குப் போறது?' பிறகு அவர்கள் எனக்கு மோர் கொடுத்தார்கள். ஆவணி நடவுக்கு உரம் எப்போது வரும் என்று கேட்டார்கள்.

திரும்பி வருகிற வழியில் ஏரி மதகின் மேல் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷமும் என் பொய் அவர்களை ஏமாற்றிவிட்டது, அதனால் ஒருவன் கை போனது என்று நினைத்துத் துடித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் ஏமாறவில்லை. அவர்களுக்கு விதை வேண்டியிருந்தது, உரம் வேண்டியிருந்தது, அடிக்க ஒரு முதுகும் வேண்டியிருந்தது. மூன்றையும் நான்தான் கொடுத்தேன். எல்லப்பனும் அதைத் தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். அவனைத் தேடிக் கல்பாக்கம் போகப் போகிறேன். அவன் காலில் விழுவதா, கையில் எதையாவது கொடுப்பதா, அவன் அதை எதால் வாங்குவான், ஒன்றும் தெரியவில்லை. போவேன். ஆனால் அவனுக்கு நடந்தது நடந்துவிட்டது. செய்யூரில் தோப்புக்குள் கிடக்கிறானே, அவனுக்கு இன்னும் இரண்டு கையும் இருக்கிறது. அவன் பெயரைக் கூட நீ எழுதவில்லை. அவனுக்கு வெள்ளிக்கிழமை வரைதான் நேரம்.

நீ உன் கடையைப் பற்றி யோசிப்பாய். முதல் வருஷம், முதல் ஆடி, பெண் வீட்டார் வேறு தை மாசத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இப்போது போய்ச் சபையில் நின்று என் சரக்கில் விஷம் இருந்திருக்கலாம் என்று சொன்னால் யார் வருவார்கள் என்று யோசிப்பாய். யோசி. நானும் அதைத்தான் யோசித்தேன், அந்த உருண்டையை மூக்குக்கு நேரே நீட்டியபோது. கடை போனால் போகட்டும், பலகையை எடுத்துக்கொண்டு படாளத்துக்கு வந்துவிடு, இரண்டு பேரும் சேர்ந்து வண்டி ஓட்டிப் பிழைக்கலாம். பெண் வீட்டாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் அதுவும் போகட்டும்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் கடைக்கு வரமாட்டேன், பஞ்சாயத்து கூடுகிற இடத்துக்கு நேராக வருவேன். அதற்குள் நீ எழுந்து சொல்லியிருந்தால் உன் பக்கத்தில் வந்து நின்று என்னுடையதையும் சொல்கிறேன். நீ சொல்லாமல் நின்றால் இரண்டையும் நானே சொல்வேன், உன் பெயரைச் சொல்லி, என் பிள்ளை என்று சொல்லி. அதற்குப் பிறகு நீ என்னை அப்பா என்று கூப்பிட வேண்டாம் என்று நினைத்தால், சரி. அடி விழுமே என்று மட்டும் பயப்படாதே. நம் மேல் ஒரு விரல் கூடப் படாது, சீனு. இன்னும் நடவு பாக்கி இருக்கிறது, அவர்களுக்கு உரம் வேண்டும், நம்மை விட்டுவிட்டு அவனைத்தான் அடிப்பார்கள். நாம் வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

உன் அப்பா